தாமதம் நாற்பது நிமிடம்

மூடிவிட்ட ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையை
எடைக்குப் போட்டார்கள்.
இரும்பு விலைதான்; ஊர்ப்பெயர்களுக்குத் தனிக் காசில்லை.
நானும் யாவோரும் அதை ரூசே நகரத்தின் குறுக்கே
அவன் மைத்துனனின் ரொட்டி வண்டியில் கொண்டுவந்தோம்.
ஒரு வாரம் கழித்தும்
தகடுகளின் இடுக்கிலிருந்து எள் உதிர்ந்தது.

அதை ஓட்டுவதற்கு
பள்ளிக்கூடத்துக் கிடங்கில் கிடந்த பிராவெட்ஸ் கணினி.
என்னைவிட நான்கு வயது இளையது.
நாற்பத்தெட்டு கிலோபைட் நினைவு.
பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும்,
கிசுகிசுக்க வராது.

சுவிட்சைப் போட்டதும் திரை முழுக்கக் கிறுக்கல்.
நினைவுச் சில்லுகள் இருபத்து நான்கு,
எட்டெட்டாய் மூன்று வரிசை.
ஒவ்வொன்றின் முதுகிலும் விரல் வைத்துக்கொண்டே போனேன்.
இரண்டாம் வரிசை, ஆறாவது.
சுட்டுவிட்டது.
அதன் வரிசை எண்ணில் பாதி
சாயங்காலம் வரை என் விரல் நுனியில் இருந்தது.

மாற்றுச் சில்லு காப்ரோவோவிலிருந்து தபாலில் வந்தது.
ஒன்றுக்குப் பணம் வாங்கியவர்
சரியாக ஒன்றே அனுப்பியிருந்தார்.
உறை மட்டும் ஏற்கெனவே யாருக்கோ போய்வந்தது.

பிழைப்புக்கு நான் லிஃப்ட் மெக்கானிக்.
கழித்துப்போட்ட ரிலேக்கள் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டி.
அவற்றைக் கோத்து, கம்பி இழுத்து,
பத்து வரி நிரலைத் தட்டி முடித்த இரவில்
பலகை படபடவென்று புரண்டது.

வார்னா. சோஃபியா. விதின். கோர்னா ஓர்யாகோவிட்சா.
மணி. நடைமேடை. தாமதம்.
அவ்வளவுதான் அதன் அகராதி.
வணக்கம் சொல்ல வழியில்லை.
மன்னிப்புக் கேட்கலாம்,
தாமதத்துக்கு மட்டும்.

இரவு ஒன்றரைக்கு, கீழ்வீட்டு ஸ்தோய்னா
நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.
"புறா வளர்க்கறீங்களா, இல்ல கொல்றீங்களா?"
காட்டினேன்.
மூன்று முறை விதினுக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு
கேட்டாள்:
"நம்ம லிஃப்ட்ட பத்தி இதுக்குப் பேச வருமா?"

ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறேன்;
எங்கள் லிஃப்ட் மட்டும் என்னை மதிப்பதில்லை.
நுழைவுக்கூடத்தில், தபால் பெட்டிகளுக்கு மேலே
பலகையை மாட்டினோம்.
மேலே போனால் விதின், அது ஆற்றின் மேல்கை.
கீழே வந்தால் வார்னா, கடல் பக்கம்.
நடைமேடை என்றால் மாடி.
ஒன்பது மாடிச் சனமும் இரண்டு நாளில் கற்றுக்கொண்டது.
"அஞ்சாம் நடைமேடையில ஏறினேன்" என்று
சிரிக்காமலே சொன்னார்கள்.
தள்ளாடி வந்த ஒருவர் சோஃபியாவுக்கு டிக்கெட் கேட்டார்.
தாமதம் நாற்பது நிமிடம் என்று போட்டேன்.
நன்றி சொல்லி, படியில் உட்கார்ந்தார்.

டிசம்பர் ஆறு, மீன் சமைக்கும் பண்டிகை.
எட்டாம் மாடி கான்ச்சோ
வாளியில் உயிருள்ள கெண்டையோடு லிஃப்டில் ஏறிய பிறகு
தெரு முழுக்க மின்சாரம் போனது.

டார்ச் அடித்துப் பார்த்தோம்.
தகடு பாதியில் நின்றிருந்தது:
மேல் அரையில் வார்னா, கீழ் அரையில் விதின்.
எங்கள் எழுத்தில் இரண்டுக்கும் ஐந்தைந்து,
முதல் எழுத்து ஒன்றே.
அது மட்டும் முழுசாய் நிற்க
மற்ற நான்கும்
எந்த அரிச்சுவடியிலும் இல்லாத உருவங்கள்.
நாட்டின் இரண்டு கோடியை மடித்துத் தைத்த ஊர்.

கைச்சக்கரத்தைச் சுற்றி இறக்க
நான் ஒன்பது மாடி ஏற வேண்டும்.
நாலாவது திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றபோது
கதவுக்குப் பின்னால் கான்ச்சோவின் குரல்:
"இப்போ நான் எங்க இருக்கேன்?"

கீழே ஸ்தோய்னா பலகையைப் பார்த்து
அந்த ஊரை
சத்தமாக, எழுத்துக் கூட்டி
வாசிக்க முயன்றாள்.
முதல் எழுத்து வந்தது.
பிறகு ஒரு தும்மல் போல ஏதோ.

"சரி," என்றார் கான்ச்சோ,
"மீனுக்கு ஒண்ணும் ஆகல."